கவிதா எந்த அறையில்?

ஓய்வு பெற்றதும் போடியில் டியூஷன் தொடங்கினேன். பிள்ளைகள் பெருகவே, அடுத்த தெருவிலும் ஓர் அறை பிடித்து ஓர் ஆசிரியையை அமர்த்தினேன். அன்றிலிருந்தே எனக்கு மனம் நிலைகொள்ளவில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, ஏலத்தோட்ட வேலை முடிந்து ஜீப்பில் வந்திறங்கிய கவிதாவின் அம்மா முத்துமாரி, "பாப்பாவ வெரசா அனுப்புங்க சார், மழை வருது" என்றார்.

தலைகளை எண்ணினேன். கவிதா இல்லை. புது அறைக்கு ஓடினேன்.

"உங்ககிட்டதான் இருக்கான்னு நெனச்சேன் சார்" என்றார் ஆசிரியை.

முத்துமாரி நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். கடைகள், வாய்க்கால் ஓரம் எல்லாம் தேடினோம்.

இருட்டும் நேரத்தில் இன்னொரு தோட்டத்து ஜீப் வந்து நின்றது. முன்சீட்டில் கவிதா! ஓட்டி வந்தவர் அவள் மாமா.

"ஒன்னைய எதுத்தாப்புல போயி ஏத்திக்கிரலாம்னு மலையடிவாரத்துல முந்தல் வரைக்கும் கூட்டிப்போனேன்க்கா. நீ வேற ஜீப்புல வந்துட்ட."

"சொல்லிட்டுப் போனா வாயி தேஞ்சா போகும், எரும!" என்று அழுதுகொண்டே திட்டிய முத்துமாரி, என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கும் அனுப்புறேன் சார். நீங்க இருக்கிற எடத்துக்கு மட்டும்."

மறுநாளே புது அறையைக் காலி செய்தேன். இப்போது டியூஷன் விடும் நேரத்தில் வாசலில் நாற்காலி போட்டு நானே உட்கார்ந்துகொள்கிறேன். மாமாவே வந்து கூப்பிட்டாலும், என்னிடம் சொல்லாமல் எந்தப் பிள்ளையும் படி இறங்க முடியாது.