கிரேன்காரருக்கு வந்த ஆல்பம்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் நண்பர், பகலெல்லாம் இரும்புச் சத்தத்துக்குக் காதை மூடியிருப்பார். வேலை முடிந்ததும் டீக்கடையில் ஹெட்போன் மாட்டி, இரும்பை அடிப்பது போன்ற ராக் பாட்டை ரசிப்பார். அவருடைய அபிமானப் பாடகர் தன் முக்கியக் குழுவோடு கூடவே நடத்திய இன்னொரு இசைக்குழு, பல வருடம் கழித்துப் புது ஆல்பம் வெளியிட்டது. இணையத்தில் எங்கள் ரசிகர் பக்கத்தில் நான் புனைபெயரில் எழுதினேன்: “இதற்கு எங்கள் ஊர் கிரேன் கிறீச்சிடுவதே தேவலை.” நான் கேட்டிருந்தது ஒன்றரைப் பாட்டு.

மறுநாள் அந்தப் பதிவை அவர் என்னிடமே காட்டினார்.

“எத்தன வருசமா காத்துக் கெடந்தேன், அண்ணாச்சி! இப்ப எந்தப் பாட்டப் போட்டாலும் என் கிரேன்தான் கேக்கு. போன்ல இருந்து ஆல்பத்தையே அழிச்சிட்டேன். எவன் எழுதியிருப்பான்?”

“எவனாவது வேலயத்த பயலா இருக்கும்” என்றேன். அந்த அளவுக்கு அது உண்மைதான்.

வீட்டுக்கு வந்ததும் என் பதிவுக்கு எத்தனை பேர் சிரிப்புக் குறி போட்டிருக்கிறார்கள் என்று ஆசையாகப் பார்த்தேன். அந்தப் பட்டியலில் அவரும் இருந்தார்.