சலவைக்கடை வீட்டுக்கு ஒரு நாய்

பூசானில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் என் பியூட்டி பார்லரும் மல்சுன் அக்காவின் சலவைக்கடையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. அவள் இஸ்திரி போட்டபடி முணுமுணுத்தால் நான் இந்தப் பக்கம் கத்தரிக்கோலோடு "ம்" கொட்டுவேன். அதனால் அந்த வீட்டு விஷயம் எதுவும் எனக்குத் தெரியாமல் போனதில்லை.

அவளுடைய கணவர் தக் கிபோங் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாய் என்பது சாப்பிடுவதற்கு மட்டும்தான் என்று நினைப்பவர். வீட்டில் அவர் பேசுவது மூன்றே: "சோறு", "ம்", "லைட்டை அணை."

ஒரே மகள் கல்யாணமாகி இஞ்சியோனுக்குப் போன பிறகு வீடு இன்னும் ஊமையாகிவிட்டது. மகள்தான் ஃபோனில் யோசனை சொன்னாள். "ஒரு நாய் வளருங்கம்மா. குரைக்கிற சத்தமாவது கேக்கும்."

அடுக்ககத்தில் பெரிய நாய்க்கு இடமில்லை. என்னிடம் மால்டீஸ் ஜாதிக் குட்டை நாய் ஒன்று இருக்கிறது. வெள்ளை வெளேரென்று அசையாமல் உட்கார்ந்திருப்பதால் அதற்குச் சோயாக்கட்டியின் பெயரை வைத்தேன்: டூபு. அதைப் பார்த்துப் பார்த்து, அதே ஜாதிதான் வேண்டும் என்று அக்கா முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் காலை மூச்சிரைக்க என் கடைக்குள் வந்தாள்.

"மியோக், அவரு பேசிட்டாருடி!"

"என்ன பேசினாரு?"

"'மால்டீஸ் வேணாம். தரை தொடைக்கிற மாப்புக்குக் கண்ணு வச்ச மாதிரி இருக்கு. வாங்கினா பொமரேனியன் வாங்கு. அதுக்குத்தான் ஒரு கம்பீரம் இருக்கு' அப்டின்னாரு. ஆறு மாசத்துக்குப் பேச வேண்டியதை ஒரே மூச்சுல பேசிட்டாரு!"

என் டூபுவை மாப்பு என்றதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் அவள் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்து விட்டுவிட்டேன்.

பூரிப்பு மத்தியானம்வரைகூட நிற்கவில்லை. பொமரேனியன் முடி கொட்டும். வாடிக்கையாளரின் கறுப்புக் கோட்டில் செம்பட்டை முடி ஒட்டினால் கடையை மூட வேண்டியதுதான் என்றாள் அக்கா. மால்டீஸுக்குத் தினமும் தலை வாரிவிட வேண்டும், யார் வாருவது என்றார் அவர்.

"நீங்கதான். வேற என்ன வெட்டி முறிக்கிறீங்க?"

"ம்."

ஐந்தாம் மாடி நாம் டீச்சர் நாலு நாள் ஜேஜூ தீவுக்குக் கிளம்பியபோதுதான் ஒரு வழி பிறந்தது. அவளிடம் பாம் என்று ஒரு பொமரேனியன். அதையும் என் டூபுவையும் அந்த நாலு நாளும் வீட்டில் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள் என்றேன்.

"நாலு நாளா?" என்றாள் அக்கா. "என்னைக் கட்டிக்கறதுக்கு அவரு ஒரு காப்பி குடிக்கிற நேரம்தான் யோசிச்சாரு. நாய்க்கு நாலு நாள்!"

பாம் முட்டைக்கோஸ் அளவுதான் இருக்கும். குரல் மட்டும் யானைக்கு வைத்திருந்ததைத் தவறிப்போய் அதற்குப் பொருத்திவிட்டார்கள். லிஃப்ட் மணி அடித்தால் குரைத்தது. பேசும் எலெக்ட்ரிக் குக்கர் "சாதம் தயார்" என்று சொன்னால் அதோடு சண்டைக்குப் போனது. பாவம் மனுஷர் "சோ" என்று தொடங்கினாலே பாய்ந்து வந்தது. "று" வெளியே வரவில்லை.

டூபு சோபாவில் ஏற்றிவிட்ட இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்கு உயரம் என்றால் பயம். தூக்கி இறக்கிவிடும்வரை விளிம்பில் நின்று கீழே பார்த்து நடுங்கும்.

இரண்டாம் நாள் பாமின் சத்தம் பொறுக்காமல் அதை அக்கா கடைக்கே கொண்டுவந்துவிட்டாள். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கிம்ச்சி ஊறுகாய் எடுக்க மாடி வீட்டுக்குப் போனவள், வீட்டுக்குள் யாரோ ஆண் சளசளவென்று பேசுவதைக் கேட்டு வாசலிலேயே நின்றாள். திருடன் இவ்வளவு பேசமாட்டானே என்று செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

சோபாவுக்கு முன்னால் தரையில் அவள் கணவர். விளிம்பில் டூபு.

"குதிடா. இவ்ளோதான் உயரம். பயமா இருக்கா? எனக்கும் அப்டித்தான்டா. அந்தக் கிரேன் கூண்டுக்குக் கண்ணாடித் தரை. ரெண்டு காலுக்கு நடுவுல கடல் தெரியும். முப்பது வருஷமும் பயந்துட்டேதான் ஓட்டினேன். சாயங்காலம் எறங்கி வந்தா உடம்பு வெடவெடன்னு ஆடும். வாயத் தொறந்தா பல்லு அடிச்சுக்கும், அவளுக்குத் தெரிஞ்சிரும்னு மூடிட்டே இருப்பேன். அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

அக்காவின் கையிலிருந்து சாவிக்கொத்து விழுந்தது. அவர் துள்ளி எழுந்தார். அந்தச் சத்தத்தில் டூபு மிரண்டு கீழே குதித்தே விட்டது.

"பாத்தியா, குதிச்சிட்டான்!" என்றார் அவர்.

"பேச்சை மாத்தாதீங்க! இத்தனை வருஷமா ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வேலைக்கு விட்டிருக்க மாட்ட."

"விட்டிருக்கவே மாட்டேன். கடையில எம்பக்கத்துல உக்கார வச்சுப் பொத்தான் தைக்கச் சொல்லியிருப்பேன்."

"அதுக்குத்தான் பயந்தேன். கிரேனே தேவலாம்னு இருந்துட்டேன்."

கிம்ச்சி இல்லாமலே இறங்கி வந்தாள். பாம் குரைத்தது அவள் காதில் விழவே இல்லை. இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கிவிட்டுச் சும்மா நின்றாள்.

"அவருக்கு என்னைப் பிடிக்கலைன்னே நெனச்சிட்டு இருந்தேன்டி," என்றாள். "அதனாலதான் பேசலைன்னு."

அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கி அணைத்துவைத்தேன்.

நாய்களைத் திருப்பிக் கொடுத்த அன்று, மால்டீஸே இருக்கட்டும் என்று அவராகவே சொன்னார்.

"மாப்புக்குக் கண்ணு வச்ச மாதிரி இருக்குன்னீங்களே?"

"அந்தக் கண்ணுதான் நல்லா இருக்கு."

கிம்ஹேயில் கைவிடப்பட்ட நாய்களுக்கான காப்பகத்துக்குப் போய் ஒரு பெட்டை மால்டீஸை அழைத்து வந்தார்கள். சிக்கு பிடித்த முடியை அங்கே ஒட்டச் சிரைத்திருந்ததால் உரித்த கோழி மாதிரி இருந்தது. போரி என்று பெயர் வைத்தார்கள். சாதுவான ஜாதி என்று நம்பிக் கொண்டுவந்தால், வந்த வாரமே அவருடைய சாக்ஸ் எல்லாவற்றிலும் பெருவிரலுக்கு ஜன்னல் வைத்துவிட்டது.

அவர் இப்போது பேச்சை நிறுத்துவதில்லை. போரியிடம் தொடங்கி, குக்கரிடம் பதில் சொல்லி, அக்காவிடம் முடிக்கிறார். "காது வலிக்குதுடி. அந்தப் பழைய மனுஷனைக் கொஞ்ச நேரம் வாடகைக்குத் தரமாட்டாங்களா?" என்கிறாள். சொல்லும்போது சிரிப்பை அடக்கத் தெரியவில்லை அவளுக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை கடல்மேல் கட்டிய நடைபாலத்துக்கு எல்லோருமாகப் போனோம். நடுவில் கண்ணாடித் தரை. அக்கா வெயில் தொப்பியோடு முதல் ஆளாக நடந்துவிட்டாள். இவர் நுழைவாயில் பெஞ்சில் போரியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். சுற்றுலா வந்த பெண் ஒருத்தி குனிந்து கேட்டாள், "ஐயோ, நாய்க்குப் பயமா தாத்தா?"

போரி பாலத்துக்குப் போக வாரை அறுத்துவிடுவதுபோல் இழுத்துக்கொண்டிருந்தது.

"அதுக்கென்ன, ரவுடி. எனக்குத்தாம்மா பயம்," என்றார் சத்தமாக. பாலத்தின் நடுவிலிருந்து அக்கா கையசைத்தாள்.

நான் போரியைக் கூட்டிக்கொண்டு பாலத்தில் நடந்தேன். மூன்று பேருக்கும் வாங்கியிருந்த ஹோத்தோக் இனிப்பு அடைப் பொட்டலத்தை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனது என் தப்பு. திரும்பி வந்தபோது காகிதம்தான் இருந்தது.