சாட்சி நேரம்

கடவுளின் மகிமைக்காக என்று நினைத்து, சிறுவயதில் நான் ஜெபவீட்டில் பொய்ச்சாட்சி சொன்னேன். எங்கள் பகுதியான நீலசந்திராவில் இப்போது கார்கள் நிற்கும் இடத்தில்தான் அதன் தகரக்கூரை இருந்தது. இன்று எங்கிருந்தோ ஈரப் பாயின் வாசனை வந்ததும், கைத்தட்டலும் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்லும் அந்த நேரமும் திரும்பி வந்தன.

மாத்திரையில் தணிந்த அம்மாவின் காய்ச்சலை, ஜெபத்தால் மட்டுமே தணிந்ததாகச் சொன்னேன். அடுத்த ஞாயிறு, சபையில் ரோசி அக்கா இடுப்பில் பாப்பாவோடு எழுந்தாள்.

"தம்பி சாட்சியக் கேட்டுத்தான் பாப்பா காதுக்கு மருந்த நிறுத்திட்டேன் பாஸ்டர். இன்னும் சீழ் வருது."

எழுந்தேன். "அக்கா, அம்மா மாத்திரை போட்டாங்க. நான் மறைச்சிட்டேன்."

அவள் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

பாப்பாவுக்கு அந்தக் காது கேட்காமலே போனது. அதன்பின் சாட்சி சொன்னவர்கள் அவளுடைய மறுகாதின் பக்கம் திரும்பிப் பேசினார்கள். நான் எழவே இல்லை.