அருள்நாயகத்தின் மூன்று கேள்விகள்

கனடாவில், ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் அருள்நாயகத்தைத் தெரியாத தமிழர் குறைவு. அவர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். ஆனால் சனம் அவரை அறிந்தது பஸ்ஸால் அல்ல, கேள்வியால். புதிதாக ஒருவர் கையில் அகப்பட்டால் போதும். “ஊரில எவடம்?” என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி தொடங்குவார். அடுத்தது எந்தக் கோயிலடி என்பது. மூன்றாவது, அம்மா ஆக்கள் எந்தப் பக்கம் என்பது. அதற்குள் ஆள் என்ன சாதி என்று அவருக்குத் துலங்கிவிடும். தமிழ்க்கடையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கும்போது கேட்பார், கலியாண மண்டபத்தில் கேட்பார், ஒருமுறை செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றும் கேட்டார். மனிதர்கள் விசாவுக்கு நாயாய் அலைந்தார்கள், சாதி மட்டும் விசா இல்லாமலே விமானம் ஏறி வந்துவிட்டது என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பவர்களும் இருந்தார்கள்.

போன வருடம் ஒரு தமிழ்ச் சங்கம் ஒரு படத்தைத் திரையிட்டது. ஸ்காபரோவில் வாடகைக்கு பேஸ்மென்ட் தேடி அலையும் ஒரு பெடியனின் கதை. வீட்டுக்காரர்கள் அவனிடம் ஊரைக் கேட்பார்கள். கேட்டபின், பேஸ்மென்ட் நேற்றே போய்விட்டது என்பார்கள். படம் எழுப்பும் பிரச்சினையைப் பற்றி, வாசிப்பவர் மனம் மாறும்படி வாதாடிக் கட்டுரை எழுதுங்கள் என்று சங்கம் போட்டியும் வைத்தது. அருள்நாயகம் படம் முடியும்வரை அழுதார். பொய்யழுகை இல்லை, கண் துடைத்த லேஞ்சி நனைந்துபோனது. அந்த வீட்டுக்காரர்களில் ஒருவர்கூட அவருக்குத் தன்னை ஞாபகப்படுத்தவில்லை என்பதுதான் அவருடைய விசேஷம்.

அவர் சொல்லச் சொல்ல மகள் நிலாணி கணினியில் தட்டினாள். அவள் பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை செய்கிறவள். மிதுனன் என்ற பெடியனை இரண்டு வருடமாக விரும்புகிறாள். அவனைக் கட்டுவதென்றால் தகப்பனின் மூன்று கேள்விகளையும் தாண்ட வேண்டுமே என்ற பயத்தில் வாயே திறக்காமல் இருந்தாள். அது தெரியாத மனிதர், குளிர்சாதனப் பெட்டிக்கும் சோபாவுக்குமிடையே நடந்தபடி முழங்கிக்கொண்டிருந்தார். “எவடம் என்று கேட்பது அன்பல்ல, அளவுகோல்” என்றார். ஆட்கள் எப்படி இனிக்க இனிக்கத் தொடங்குவார்கள், எந்தக் கேள்விக்குப் பின் எந்தக் கேள்வி வரும், மழுப்புகிறவனை எப்படி மடக்குவார்கள் என்றெல்லாம் புட்டுப் புட்டு வைத்தார். முதற்பரிசு அவருக்குத்தான். கூட இருந்து பார்த்தவர்போல எழுதியிருக்கிறார் என்று நடுவர்கள் வியந்தார்கள்.

கட்டுரை அச்சான மலர் வீட்டுக்கு வந்த அன்று நிலாணி கேட்டாள்.

“அப்பா, உது சும்மா போட்டிக்கா, இல்லாட்டி றியலா?”

“நம்பாமலே எழுதினனான்?”

“அப்ப ஓகே. சண்டே மிதுனன்ர பேரன்ஸ் எங்கட வீட்டை வருகினம். என்னைப் பொம்பிளை கேக்க.”

அருள்நாயகத்துக்கு யார் மிதுனன் என்று விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் வாய் தானாக “ஊரில...” என்று தொடங்கியது. மகள் மலரை எடுத்து அவர் மடியில் வைத்தாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட மனிதர், மலரைக் கவிழ்த்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை யூனியன்வில்லிலிருந்து அவர்கள் வந்தார்கள். மிதுனனின் தகப்பன் சச்சிதானந்தன் வாயில்லாப் பூச்சி; தாய்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அருள்நாயகம் ஸ்னோவைப் பற்றிக் கேட்டார். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைப் பற்றிக் கேட்டார். திரும்பவும் ஸ்னோவைப் பற்றிக் கேட்டார். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் “ஊரில...” என்றுவிட்டார். மனைவி குணவதி மேசைக்குக் கீழே காலை மிதித்தாள். “ஊரில இப்ப நல்ல வெயிலாம்” என்று முடித்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

குணவதி சாப்பிடக் கூப்பிட்டாள். கை கழுவும்போது சச்சிதானந்தன் அருகே வந்து, கூச்சத்தோடு கேட்டார்.

“அண்ணை ஊரில எவடம்?”

கனடாவுக்கு வந்த முப்பது வருடத்தில் அருள்நாயகத்தை யாரும் இதைக் கேட்டதில்லை. கேட்கிறவனை ஒருவரும் கேட்பதில்லை. அதற்காகத்தான் அவர் எல்லோரையும் முந்திக்கொண்டார். தகப்பனின் ஊரைச் சொன்னார். அடுத்து, எந்தக் கோயிலடி என்றார் சச்சிதானந்தன். அதையும் சொன்னார். அடுத்தது என்னவென்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அவருடைய தாய் வேறு பக்கம், தகப்பனின் ஆட்கள் வாசலில் ஏற்றாத பக்கம். காதலித்துக் கட்டியவள். அவளுடைய ஊரை அவர் கனடாவில் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

“குறை நினையாதேங்கோ, அண்ணை,” என்றார் சச்சிதானந்தன். “எனக்கு உதெல்லாம் கேக்கத் தெரியாது. மனிசிதான் கேளுங்கோ கேளுங்கோ எண்டு ஒரே கரைச்சல். நல்ல காலம், உங்கட கட்டுரையில எல்லாம் வரிசையாக் கிடந்தது.”

அருள்நாயகம் கதவுக்கு அப்பால் பார்த்தார். நிலாணி தண்ணீர்ப் போத்தலோடு அசையாமல் நின்றாள். முகம் வெளிறியிருந்தது. சின்ன வயதில் ஊசி போடக் கொண்டுபோனபோது பார்த்த அதே முகம். அவருக்கு வெட்கமாய் இருந்தது.

சச்சிதானந்தன் மூன்றாவதுக்கு வாயெடுக்குமுன் அவரே தாயின் ஊரைச் சொன்னார். மேசையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி, பஸ்ஸில் பிள்ளைகளை அதட்டுகிற குரலில் சொன்னார். கோயிலையும் சேர்த்துச் சொன்னார். குணவதி கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது; கட்டிய நாள் முதல் அவளுக்கும் அது தெரியாது.

சச்சிதானந்தன் விழித்தார். மனைவியைப் பார்த்தார். அவளும் விழித்தாள். பிறகு பரீட்சையில் கேள்வி முடிந்துபோன பிள்ளைபோல அருள்நாயகத்திடமே திரும்பினார்.

“உதுக்குப் பிறகு என்ன செய்யிறதெண்டு நீங்கள் எழுதேல்லையே, அண்ணை?”

“பிறகு சாப்பிடுறது,” என்றார் அருள்நாயகம். “வாங்கோ, புட்டு ஆறுது.”