கைவிட்டால் நிற்கும் கத்தி

தேயிலைக் கொழுந்து வெட்டும் அந்த இயந்திரத்தை வடிவமைத்தது நான்தான். ஈப்போவில் ஒரு சின்னக் கம்பெனி. அங்கே மெக்கட்ரோனிக்ஸ் படித்தவன் நான் ஒருவனே. மோட்டார், கத்தி, தூரத்தை அளக்கும் சென்சார், இவற்றை ஆளும் சர்க்கிட் போர்டு, எல்லாவற்றையும் ஒரே உடம்பாக இயங்க வைப்பது என் வேலை.

அதுவரை தோட்டங்களில் ஓடியது பெட்ரோல் மெஷின். தூக்கிப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். எங்களுடையதற்கு ஒரு ஆள் போதும். பேட்டரி முதுகில் இருக்கும். செடியின் மேல்மட்டத்தை சென்சார் பார்த்துக்கொண்டே வர, கத்தி தானாக ஏறி இறங்கி, இளங்கொழுந்தை மட்டும் வெட்டும். இரண்டு கைப்பிடியிலும் ஒவ்வொரு லீவர். இரண்டையும் அழுத்தினால்தான் கத்தி ஓடும். ஒரு கையை எடுத்தாலும் நின்றுவிடும். பட்டறையில் நீட்டுப் பயத்தங்காய்களை ஸ்பஞ்சில் குத்தி வைத்து எத்தனையோ தடவை வெட்டிப் பார்த்தேன். ஒரு தடவைகூட பிசகவில்லை.

சோதனை ஓட்டத்துக்குக் கிடைத்தது நான் பிறந்த தோட்டமே. கேமரன் மலையில், பிரிஞ்சாங் டவுனுக்கு மேலே, செங்குத்தான சரிவு. மெஷினை ஓட்ட தோட்ட மெனேஜர் தேர்ந்தெடுத்தது என்னோடு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவளை. நான் ஈப்போவுக்குப் படிக்கப் போனேன். அவள் கொழுந்துக்குப் போனாள். கத்தி பிடிப்பதில் அவளுக்கு நிகர் அங்கே ஆள் இல்லை.

முதல் நாள் மெஷின் நின்று நின்றுதான் ஓடியது.

"என்னடா இது, நாலு எட்டுக்கு ஒருக்கா செத்துப் போவுது?" என்றாள்.

"கைய எடுக்காத. ரெண்டு லீவரையும் அமுக்கியே பிடி."

"கைய எடுக்காம இந்தச் சரிவுல எப்படி நகர்றது? செடியப் பிடிக்க வேணாமா?"

லீவரின் ஸ்பிரிங்கைத் தளர்த்திக் கொடுத்தேன். பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாம் நாள் காலையில் நான் மலை ஏறியபோது மெஷின் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது. இடது லீவரைச் சுற்றி, அது அமுங்கியே இருக்கும்படி, சைக்கிள் டியூப் துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது. நான் பார்த்தேன். பார்த்ததை அவளும் பார்த்தாள். பக்கத்தில் மெனேஜர், நிரம்பிய கொழுந்துச் சாக்குகளைப் பார்த்தபடி, "இப்பதான் லா மெஷின் மாதிரி இருக்கு" என்றார். நான் பேசவில்லை. சாயங்காலம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், மழைக்கு முன்னால், கத்தியில் ஒரு முற்றிய குச்சி சிக்கியது. கத்தி திணறியது. அதைப் பிடுங்க அவள் இடது கையைக் கொண்டுபோனாள். குச்சி உடைந்தது, கத்தி ஓடியது. இரண்டு விரல்கள்.

அவள் கத்தவில்லை. "கையப் பாரு, கையப் பாரு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் முதலில் பேட்டரி வயரைப் பிடுங்கினேன், பிறகுதான் அவள் கையைப் பார்த்தேன். இந்த வரிசை எனக்கு இன்றும் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது.

தோட்டத்து லோரியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனோம். சனிக்கிழமை, ஸ்ட்ராபெரி பறிக்க வந்தவர்களின் கார்கள் டவுன் வரைக்கும் நின்றன. விரல்கள் போகவில்லை. தையல் போட்டார்கள். நடுவிரல் நுனிக்கு உணர்ச்சி திரும்பாது என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் மெனேஜர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். "வேலைக்காரங்க லீவரக் கட்டிட்டாங்கன்னு ரிப்போர்ட்ல எழுது. மெஷின்ல கோளாறு இல்ல. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது முழு உண்மையும் இல்லை. "லீவர் கட்டப்பட்டிருந்ததை இரண்டாம் நாள் காலையிலேயே பார்த்தேன். நிறுத்தச் சொல்லவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லையே என்று என் முதலாளி போனில் கத்தினார். சோதனை நின்றது.

தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அவளைப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"கட்டுனவ நான். பாத்தவன் நீ. ரெண்டு பேருமே வாய மூடிக்கிட்டு இருந்தோம்" என்றாள். பிறகு, "நீ ஒரு நாளாச்சும் அத மாட்டிக்கிட்டு அந்தச் சரிவுல ஏறுனியா?"

"இல்ல."

"பின்ன எப்படிடா செஞ்ச?"

திங்கட்கிழமை மெனேஜரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, டியூப் துண்டை அறுத்துவிட்டு, மெஷினை நானே மாட்டிக்கொண்டு ஏறினேன். சரிவில் கால் வழுக்கும்போதெல்லாம் என் கையும் செடியைத்தான் தேடியது. பத்து மணிக்கெல்லாம் கத்தியில் ஒரு குச்சி சிக்கியது. நடந்ததெல்லாம் தெரிந்திருந்தும் என் இடது கை தானாக அதை நோக்கிப் போனது. கைப்பிடியை விட்டதால் கத்தி நின்றிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

புது மாதிரி செய்ய ஏழு மாதம் பிடித்தது. குச்சி சிக்கினால் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும். அதை போர்டு கவனித்து உடனே கத்தியை நிறுத்தி, பின்னோக்கிச் சுற்றி, குச்சியைத் துப்பிவிடும். மறுபடி அழுத்தினால்தான் ஓடும். எடையை இப்போது புதிதாகப் போட்ட இடுப்பு பெல்ட் தாங்குவதால் லீவர் வலது கைக்கு மட்டும். இடது கை செடியைப் பிடிக்கலாம். அந்தக் கை எட்டாதபடி கத்திக்கு நீளமான தகடு போட்டேன். பட்டறையில் அல்ல, அதே சரிவில் வைத்து ஒவ்வொன்றையும் பார்த்தேன்.

இப்போது அந்தத் தோட்டத்தில் அதுதான் ஓடுகிறது. அவள் ஓட்டுவதில்லை. பேக்டரியில் கொழுந்து வாட்டும் இடத்துக்கு மாற்றிக்கொண்டாள். அங்கே கொழுந்தைக் கசக்கிப் பார்த்துத்தான் பதம் சொல்ல வேண்டும். இடது கையால் சரியாகத் தெரிவதில்லை, வலது கையால் பார்க்கிறேன் என்றாள். நான் போனால் பேசுகிறாள், தேநீர் தருகிறாள். மெஷின் எப்படி இருக்கிறது என்று இதுவரை கேட்டதில்லை.