முகம் ஒட்டாத டார்கெட்

பெங்களூரு வைட்ஃபீல்டில் ஒரு ஏர் பிஸ்டல் சுடும் ரேஞ்சில் வேலை செய்கிறேன். பெல்லெட் குண்டு எடுத்துக் கொடுப்பது, ஓட்டை விழுந்த டார்கெட் பேப்பரைக் கழற்றிப் புதுசு மாட்டுவது. வருகிறவர்களில் பாதிப் பேர் ஐடி கம்பெனி ஆட்கள். டென்ஷன் குறையப் பணம் கட்டிச் சுடுகிறார்கள். குறி தப்பினால் அதற்கும் ஒரு டென்ஷன்.

அண்ணன் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்துவிட்டேன். வீட்டில் ஆள் மாற்றி ஆள் ஆறுதல் சொன்னார்கள். இங்கே காதில் சத்தத்தை அடைக்கும் மஃப் மாட்டிக்கொண்டால் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

அந்த வாரமே ஒரு கம்பெனி டீம் வந்தது. எல்லாரும் ஒரே கலர் டீ ஷர்ட். ஒருத்தர் ஒரு போட்டோ பிரிண்டை நீட்டினார்.

"சிஸ்டர், இத டார்கெட் மேல ஒட்டுங்க. எங்க மேனேஜர்."

குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்த படம். தோளில் வேறு யாருடைய கையோ மிச்சம் இருந்தது. எங்கள் தெருமுனைக் கண்ணீர் அஞ்சலி பேனரிலும் அண்ணன் தோளில் அப்படி ஒரு கை இருக்கிறது. அது என் கை.

"ஒட்ட மாட்டேன்" என்றேன்.

ஓனர் ஓடி வந்தார். "வெறும் பேப்பர் தானேம்மா, சும்மா ஒட்டு. பெரிய பார்ட்டி. முடியாதுன்னா நாளைலேர்ந்து வராத."

"பேப்பர்தான் சார். நீங்களே ஒட்டிக்கோங்க."

அவர் டேப்பைக் கிழிக்கும்போது, டிராஃபிக்கில் மாட்டித் தாமதமான மேனேஜர் உள்ளே வந்தார். படத்தைப் பார்த்தார்.

"யாருப்பா இது? நானா?"

டீம் மொத்தமும் தரையைப் பார்த்தது. பிரிண்ட் கொண்டுவந்தவர்தான் வாயைத் திறந்தார். "ஒட்ட வேணாம்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க சார்."

"ஏம்மா?"

"மனுஷ முகம் சார். என்னால முடியாது."

மேனேஜர் ஓனரிடம் திரும்பினார். "இது உங்க ரேஞ்ச் ரூலா?"

கிழித்த டேப் ஓனரின் விரலிலேயே தொங்கியது. "ஆமா சார், ரொம்ப ஸ்ட்ரிக்ட். ஸ்டாஃப் சேர்ற அன்னிக்கே சொல்லிடுவோம்."

"வெரி குட். அடுத்த டீமையும் இங்கயே கூட்டிட்டு வரேன்."

பிறகு மேனேஜர் சுட்டார். எல்லாம் பேப்பரைத் தாண்டிப் பின்னால் இருந்த தடுப்பில் போய் விழுந்தது. "சூப்பர் சார்!" என்று டீம் கை தட்டியது.

மறுநாள், வரச் சொல்கிறாரா இல்லையா என்று தெரியாமலே போனேன். வாசலில் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் புது போர்டு. மனித முகங்களை டார்கெட்டாக வைக்க அனுமதி இல்லை. ஓனர் என்னைப் பார்த்து, "போர்டு நேரா இருக்கா பாரும்மா" என்றார். அவ்வளவுதான்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ரூல் இருக்கிறதா என்று தேடிவிட்டு முடியாது என்று சொல்லாதீர்கள். முதலில் முடியாது என்று சொல்லுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ரூல் மறுநாள் வரும். எனக்கு அன்றைக்கு ரூல் எதுவும் தெரியாது. அண்ணனைத்தான் தெரியும்.