சீரில் வந்த செவலை

திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டி போகும் சாலையில் புதிதாக பிளாட் போட்ட இடத்தில், மூன்றாம் தெருவின் கடைசி வீடு தங்கப்பொண்ணுவுடையது. முன்னறையில் தையல் மெஷின். ஜன்னல் வழியே பார்த்தால் வாசல் கேட் தெரியும். ஆனால் அவள் கண்ணால் பார்ப்பதில்லை, காதால்தான் பார்ப்பாள். கேட்டில் ஒரு கை பட்டாலும் அவளுடைய கால் மிதியிலிருந்து எழுந்துவிடும். ஒரு ஜாக்கெட்டுக்குக் கைக்குழி தைத்துக் கொக்கி வைத்து முடிப்பதற்குள் பத்துத் தடவை எழுந்து ஓடுவாள்.

"இந்தா வாரேன்! கைய உள்ள விட்டுறாதீங்க!"

நாலு வருஷமாக இப்படித்தான். தபால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே ஒரு எட்டு தள்ளியே நிற்கப் பழகிவிட்டார்கள். உள்ளே செவலை நிற்கும், செம்மண் நிறத்து நாய். ஒட்டின வயிறு, நெடுங்கால்கள், கூர்மூஞ்சி. எழுமலைப் பக்கத்துத் தோட்டங்களில் முயல் விரட்டுகிற ஜாதி. குரைத்தால் பயமில்லை. சத்தமில்லாமல் நின்றால்தான் பயம்.

அது விலைக்கு வாங்கின நாயல்ல. சீரில் வந்தது.

மகள் சத்யப்ரியாவின் சடங்குக்குத் தாய்மாமன் மொக்கைச்சாமி எழுமலையிலிருந்து வேட்டுச் சத்தத்தோடு வந்து இறங்கினான். தட்டு வரிசை, ஆட்டுக்கிடாய், பட்டுச்சேலை. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு மூங்கில் கூடை. கூடைக்குள், கழுத்தில் மஞ்சள் துணி கட்டின நாற்பது நாள் குட்டி. "என் மருமகளுக்கு என் தோட்டத்துக் காவல்" என்று மைக்கில் அவனே சொன்னான். மண்டபமே கைதட்டியது. தங்கப்பொண்ணுவும் சிரித்துக்கொண்டே கூடையை வாங்கினாள்.

தாய்மாமன் சீரை வாங்கினால் வாங்கினதுதான். சேலை பிடிக்கவில்லை என்று கடையில் மாற்றினாலும் குற்றம். அவளுடைய சின்னம்மா ஒருத்தி, சீரில் வந்த பித்தளை அண்டாவில் ஓட்டை என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். அதற்குப் பிறகு அந்த இரண்டு வீடும் பதினெட்டு வருஷம் ஒன்றாய் உட்கார்ந்து சோறு தின்னவில்லை. தங்கப்பொண்ணுவுக்கு அப்பன் ஆத்தா போய்ச் சேர்ந்தாயிற்று. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள இருப்பது அந்த ஒரு அண்ணன்தான். நாயைத் திருப்பினால் அவனும் போவான்.

அதனால் அவன் போன் செய்யும்போதெல்லாம் அவள் ஒரே பாட்டைப் பாடினாள்.

"செவல எப்படிப் பிள்ள இருக்கு?"

"அருமையான உசுருண்ணே. சோறு வச்சா வாலாட்டுது. சின்னப்பிள்ள மாதிரி."

செவலை சோற்றுக்கு வாலாட்டினதே கிடையாது. தட்டை வைத்துவிட்டு ஆள் நகர்ந்து போகும்வரை முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். அதன் ஒட்டுதல் முழுவதும் தங்கப்பொண்ணுவிடம்தான், அதுவும் ஒரு தினுசான ஒட்டுதல். மெஷினுக்கு அடியில், வெட்டுத் துணிகளின் மேல் படுத்துக் கிடக்கும். அவள் பக்கத்தில் யார் வந்தாலும் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டும். பகலெல்லாம் கட்டிப்போட்டு இரவில் அவிழ்த்துவிட்டு வளர்த்ததில்தான் கெட்டுப்போனது என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் வளர்க்கிறார்கள்.

கணவன் அழகுபாண்டி ஆரப்பாளையத்திலிருந்து ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். டூட்டி முடிந்து வரும்போது தெருமுனையில் நின்று போன் செய்வான். "கட்டிட்டியா?"

"கட்டிட்டேன், வாங்க."

"சங்கிலியப் பிடிச்சுப் பாத்துட்டுச் சொல்லு. ஊர்ல உள்ளவன் பூராத்தையும் டிக்கெட் குடுத்து ஏத்துறேன். என் வீட்டுக்குள்ள ஏற எனக்கு டிக்கெட் இல்ல."

தொழிலிலும் நாய் கைவைத்தது. டேப்பை எடுத்து ஒருத்தியின் தோளிலோ மார்பிலோ வைத்தால் செவலை பாயும். தன் எசமானியை யாரோ பிடித்துக்கொண்டதாக அதற்கு நினைப்பு. அதனால் தங்கப்பொண்ணு டேப் வைத்து அளவெடுப்பதையே விட்டுவிட்டாள். "அளவு ஜாக்கெட் கொண்டாங்க, அதுல தச்சுத் தாரேன்" என்பாள். பழைய ஜாக்கெட்டின் அளவில் புது ஜாக்கெட். உடம்பு கூடினவர்களுக்கும் குறைந்தவர்களுக்கும் கண்ணாலேயே அரை அங்குலம் கூட்டிக் குறைத்துத் தைத்தாள்.

பக்கத்து வீட்டு ஜானு தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தங்கை மகள் கல்யாணத்துக்குப் பட்டு ஜாக்கெட் தைக்க வந்தார்.

"அளவு ஜாக்கெட்டெல்லாம் பத்தாது தங்கப்பொண்ணு. ரிட்டயர் ஆனதுல ரெண்டு சுத்துப் பெருத்துட்டேன். நீ டேப்ப எடு."

"நாய் இருக்கேக்கா."

"பின்னாடி ரூம்ல போட்டுப் பூட்டு. அஞ்சு நிமிஷ வேலை."

பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதா இல்லையா என்று ஒரு விநாடி நின்றாள். ஜானு கூப்பிட்டார், போனாள். சுற்றளவு எடுக்க ஜானு இரண்டு கையையும் தூக்கினார். கதவு திறந்த சத்தம் தங்கப்பொண்ணுவின் காதில் விழுவதற்குள் செவலை ஜானுவின் முன்னங்கையைக் கவ்விவிட்டது. ஒன்பது தையல். திருமங்கலம் ஆஸ்பத்திரியில் அன்றைக்கே முதல் ஊசி போட்டார்கள்.

"நாயைப் பத்து நாள் கட்டிவச்சுப் பாத்துக்கங்க. நல்லா இருந்தாக் கவலையில்ல. அதுக்கு நடுவுல செத்தாலோ காணாமப் போனாலோ உடனே வந்து சொல்லணும்" என்றார் டாக்டர். நாய்க்குத் தடுப்பூசி போட்ட சீட்டைத் தங்கப்பொண்ணு காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், பத்து நாள்" என்றார்.

அந்தப் பத்து நாளில் அவள் ஒரு முழு ஜாக்கெட்கூடத் தைக்கவில்லை. காலையில் கண் விழித்ததும் பின்னறைக்கு ஓடுவாள். தண்ணீர் குடிக்கிறதா, எச்சில் வடிகிறதா, நடை தள்ளாடுகிறதா. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜானு கேட்பார்.

"இருக்கா?"

"இருக்குக்கா. சாப்பிட்டுச்சு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்க்கா."

ஐந்தாம் நாள் செவலை சாப்பிடவில்லை. தங்கப்பொண்ணு கதவோரம் உட்கார்ந்து மத்தியானம் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். இது செத்துப்போனால் எல்லாம் முடிந்தது என்று ஒரு நினைப்பு வந்தது. அடுத்த மூச்சில், செத்துவிடக் கூடாது மீனாட்சி, என்று கும்பிட்டாள். எதற்காகக் கும்பிட்டாள், ஜானுவுக்காகவா நாய்க்காகவா என்று அவளுக்கே பிடிபடவில்லை. சாயங்காலம் அது எழுந்து, அவள் நகர்ந்து போவதற்குக்கூடக் காத்திராமல், தட்டை நக்கிக் காலி செய்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பத்தாம் நாள் முடிந்தது. "பொழைச்சேன்" என்றார் ஜானு. "ஆனா இனிமே இது இங்க இருக்கக் கூடாது தங்கப்பொண்ணு. நான் போலீசுக்கெல்லாம் போற ஆளில்ல. உனக்கே தெரியும்."

அன்று அழகுபாண்டி சாப்பிடும்போது பேச்சை எடுத்தான். "உங்கண்ணன்கிட்டயே கொண்டுபோய் விட்டுரு."

"சீரத் திருப்புறதா? அண்ணன் வெட்டிப் போட்டாலும் போடும்."

சத்யப்ரியா நர்சிங் முதல் வருஷம். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "திருப்பிக் குடுக்கக் கூடாது, அம்புட்டுத்தானம்மா? புதுசாக் குடுப்போம். மாமா தோட்டத்துல வீடு கட்டிப் பால் காய்ச்சுறாருல்ல. நம்ம செய்முறையில இதையும் சேத்துரு. தோட்டத்து வீட்டுக்குக் காவல் வேணும்ல."

அழகுபாண்டி சோற்றுக் கையோடு சிரித்தான். "இவ எனக்குப் பொறந்தவதான்."

பால்காய்ச்சுக்கு வேன் பிடித்துப் போனார்கள். குத்துவிளக்கு, குடம், அண்ணனுக்கு வேட்டி, மதினிக்குச் சேலை. கடைசியாக, கழுத்தில் மஞ்சள் துணியோடு செவலை. துணியைத் தங்கப்பொண்ணுவே கட்டினாள். வேன் முழுக்க அது நடுங்கிக்கொண்டே வந்தது, அவள் மடியில் மூஞ்சியை வைத்து. மொக்கைச்சாமி நாயையும் தங்கச்சியையும் மாறி மாறிப் பார்த்தான். சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த வாசல்.

"என் மருமக அனுப்பின காவலா? வரட்டும்" என்று சங்கிலியைக் கையில் வாங்கிக்கொண்டான். அவன் முகத்தில் கோபமில்லை. அதுவே அவளுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

வீடு திரும்பினபின் தெரு நிம்மதியானது. அழகுபாண்டி போன் செய்யாமலே உள்ளே வந்தான். தங்கப்பொண்ணுவுக்கு மட்டும் வேலை ஓடவில்லை. இரண்டு தையலுக்கு ஒரு தடவை குனிந்து மெஷினுக்கு அடியில் பார்த்தாள். வெட்டுத் துணியைக் கூட்டி அள்ளவும் மனசு வரவில்லை. ஐந்தாம் நாள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"செவல எப்படிண்ணே இருக்கு?"

"அதுக்கென்ன, அருமையான உசுரு பிள்ள. சோறு வச்சா வாலாட்டுது."

அவள் கையில் இருந்த கத்தரியைக் கீழே வைத்தாள்.

"என்னண்ணே சொன்ன?"

"வாலாட்டுதுன்னேன். சின்னப்பிள்ள மாதிரி... சரி, வைக்கிறேன், தண்ணி பாயுது."

அன்றைக்கே உசிலம்பட்டி போய், எழுமலை பஸ் மாறி, தோட்டத்து நிறுத்தத்தில் இறங்கினாள். பஸ்ஸில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் எழுந்து நின்றுகொண்டே வந்தாள். தோட்டத்து வீட்டு வாசலில் மஞ்சள் துணி மட்டும் வேலியில் கிடந்தது. மொக்கைச்சாமி வாய்க்கால் வரப்பில் மண்வெட்டியோடு நின்றான். தோட்டத்தில் துண்டுக்கு மேல் எதுவும் போடாதவன், அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான்.

"நாய் எங்கண்ணே?"

"அந்தப் பக்கம் எங்கயாச்சும் முயல..."

"அண்ணே."

அவன் மண்வெட்டியைச் சாத்தினான். "மூணாம் நாளு வெள்ளன சங்கிலிய அத்துக்கிட்டு ரோட்டுக்குப் போயிருச்சு தங்கம். செங்கல் லாரி. கெணத்து மேட்டுல பொதச்சேன்."

அவள் கிணற்று மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஏண்ணே சொல்லல?"

"எப்படிச் சொல்லச் சொல்ற? தங்கச்சி செய்முறை மூணு நாள் தங்கலன்னா? புது வீட்டுக்கு வந்தது. நீ என்ன நெனப்ப, ஊரு என்ன பேசும்?"

"சட்டையக் கழட்டு."

"எதுக்கு?"

"நான் தையக்காரிண்ணே. உன் கை எம்புட்டு வீங்கியிருக்குன்னு துணியப் பாத்தே சொல்லுவேன். கழட்டு."

முழங்கைக்குக் கீழே நாலு பல் குழி. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பியிருந்தான். வந்த மறுநாள் சங்கிலியை மாற்றும்போது கடித்ததாம். ஊசி போடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் யார் வீட்டு நாய் என்று கேட்பார்கள், ஊருக்குத் தெரியும், திருமங்கலத்துக்கும் தெரியும் என்று பேசாமல் இருந்துவிட்டானாம்.  பத்து நாள் பார்க்க நாயும் இல்லை.

"நாலு வருஷமா அது எல்லாத்தையும் கடிச்சுச்சுண்ணே. ஜானுக்காவ ஒம்போது தையல் போட வச்சுச்சு. என் வீட்டுக்காரர் வாசல்ல நின்னு போன் போடுவாரு. உன் சீருன்னு நான் மூடி மூடி வச்சேன். தெரிஞ்சேதான் இங்க தள்ளிவிட்டேன். கெளம்பு."

மொக்கைச்சாமி அவளையே பார்த்தான். "அடிப் பாவி. அதோட தாயே கடிக்கிற நாயிதான். குட்டி மாறிரும்னு நெனச்சுத்தான் கொண்டாந்தேன்." பிறகு, "நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வந்து தூக்கிட்டுப் போயிருப்பேனே" என்றான். சொன்னபின் அது உண்மையா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உசிலம்பட்டி ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண் நிமிராமல் கேட்டாள். "தெரு நாயா, வளப்பு நாயா?"

"வளப்பு" என்றாள் தங்கப்பொண்ணு.

"யாரு வீட்டு நாய்?"

"எங்க வீட்டு நாய்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். காயத்தைச் சுற்றி ஒரு ஊசி, தோளில் ஒரு ஊசி. ஆறடி ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு தங்கச்சியின் முந்தானையைப் பிடித்தான். அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தங்கப்பொண்ணு உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"சங்கிலிய அத்துக்கிட்டு அது எந்தப் பக்கமாப் போச்சு?"

மொக்கைச்சாமி கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். நினைத்திருந்தால் முயலைச் சொல்லியிருக்கலாம், காட்டைச் சொல்லியிருக்கலாம்.

"உன் வீட்டுப் பக்கமாத்தான் தங்கம்" என்றான்.